எங்கள் வீட்டில் எத்தனை பேர்

வரி முடியப்போகிறது என்று எச்சரிக்கும் அந்தச் சின்ன மணி. ணிங். அதன் பின்னால் சர்ரென்று உருளையைத் தள்ளுகிற ஓசை, மறுபடி எழுத்துகளின் படபடப்பு, மறுபடி ணிங். தெற்கு பஜாரில் ஒரு மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் அது. வகுப்பு முடிந்து எல்லாரும் இறங்கிப் போன பிறகு ஒரே ஒரு இயந்திரம் மட்டும் எங்களுக்காக அடித்துக்கொண்டிருந்தது. அதனால்தானோ என்னவோ, ஆராதனை இல்லாத நாளில் யாரோ விளையாட்டாக இழுத்துவிட்ட வேதக்கோயில் மணி போல அவ்வளவு தனியாக அது என் காதில் இன்னும் நிற்கிறது. அப்பா மடக்கு நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார், பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அறையில் உட்காருவது போலவே. நான் தாவரவியலில் எம்.எஸ்ஸி. முடித்திருந்தேன். அமெரிக்காவில் ஒரு கல்லூரி மேற்படிப்புக்கு இடம் தருவதாகச் சொல்லி, உதவித்தொகை வேண்டுமென்றால் குடும்பத்தின் வசதி எப்படி என்று விவரமாக எழுதச் சொல்லியிருந்தது. "குடும்பத்துக்கு நிலபுலன் உண்டுன்னு போடுங்க சார்" என்றார் அப்பா. டைப் அடிக்கிறவர் நிமிர்ந்து, "எவ்வளவுன்னு போட?" என்றார். "ரெண்டு ஊர்ல உண்டு. நல்லாவே உண்டுன்னு போடுங்க." இரண்டு ஊரில் இருந்தது உண்மைதான். ஒன்றில் உடைமரம் தவிர எதுவும் முளைக்காத செம்மணல் தேரி. மற்றதில் பங்காளிகள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு, அதில் தண்ணீர் கிடையாது. முன்பின் தெரியாத ஒருவரிடம் போய், என் வீட்டில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற ஆள் எங்கள் பக்கத்தில் பிறந்ததில்லை. பெண் கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்வதைத்தான் அப்பா அமெரிக்காவுக்கும் சொன்னார். அவர்கள் நம்பிவிட்டார்கள். இவ்வளவு வசதியுள்ள குடும்பத்துக்கு உதவி தேவைப்படாது என்று மிகுந்த மரியாதையோடு பதில் எழுதினார்கள். அதன்பிறகு ஞாயிறுதோறும் கோயில் வாசலில் அப்பா சொல்வது எனக்குக் கேட்கும்: "கிருபாவுக்கு அமெரிக்காவுல சீட் கெடச்சுது. நாங்கதான் அனுப்பல. பொம்பளப் பிள்ளைய அவ்வளவு தூரத்துக்கு எப்படி அனுப்ப?" கேட்டவர்கள் தலையசைப்பார்கள். அவருக்கு அது போதுமாக இருந்தது. எனக்கு என்னவாக இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளாமலேதான் இதே பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் சேர்ந்து, இலையும் வேரும் வரைந்து வரைந்து, சாக்குத்தூள் படிந்த கையோடு ஓய்வு பெற்றேன்.

இப்போது ஏன் அந்த மணி. வீட்டில் சத்தமே இல்லாததால் இருக்கும். மின்விசிறி கடக் கடக் என்று தட்டும் என்பதால் அதை நிறுத்தியாயிற்று. கூடத்து டியூப் லைட் ரீங்கரிக்கும், அதையும் அணைத்தாயிற்று. அடுப்பில் குக்கர் ஏற்றக்கூடாது. குளியலறைக் குழாயின் கீழ் ஈரத் துணி போட்டிருக்கிறது, சொட்டுவது கேட்காமலிருக்க. சாத்திய கதவுக்குப் பின்னால் என் தம்பி மகள் எப்சி, பள்ளிச் சீருடைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். கதவுக்கு இந்தப் பக்கம் இருட்டில் நானும் அவள் அம்மா மெர்சியும். இங்கே விளக்கு வைக்கிற நேரம், அங்கே அவர்களுக்கு விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் கணிதம் படிக்க எப்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. உதவியும் தந்திருக்கிறார்கள், ஆனால் பாதிதான். மீதியை எங்களால் கட்ட முடியாது. இந்த வீட்டை விற்றால் ஒரு வருஷத்துக்குக் காணும், மிச்ச வருஷங்களுக்கு இன்னும் மூன்று வீடு வேண்டும். உதவியைக் கூட்டித் தர முடியுமா என்று கேட்டு எழுதினோம். உன்னோடு பேச வேண்டும் என்று அந்தக் கல்லூரியில் உதவித்தொகை பார்க்கிற அம்மாள் சொல்லியிருக்கிறாள். அந்தப் பேச்சுத்தான் இது. "மைனி, அடுத்த வீட்டு டிவி கேக்கு" என்று மெர்சி என் காதில் முணுமுணுக்கிறாள். "போய்ச் சொல்லேன்." "சொல்லியாச்சு. இன்னிக்கு நாடகத்துல கல்யாணமாம், அது முடிஞ்சதும் கொறச்சிருதேங்காவ." நான் சிரிக்கவில்லை. சிரித்தால் கேட்கும். கரண்ட் போய்விட்டால் என்ன செய்வது. நேற்று இதே நேரத்துக்குப் போயிற்று. கடவுளே, இந்த அரை மணி நேரம் மட்டும். இதற்கெல்லாமா ஜெபம் பண்ணுவது என்று அம்மா இருந்தால் கேட்டிருப்பாள். இதற்குத்தான் அம்மா, வேறு எதற்கு.

பாதி உதவி ஏன் என்று எப்சிதான் கண்டுபிடித்தாள். விண்ணப்பத்தை அவளும் அவள் அப்பா அருமைதுரையும் உட்கார்ந்துதான் நிரப்பினார்கள். எங்கள் ஏழு பேரில் நான் தலைச்சன், அவன் கடைசி. நான் கல்லூரி படிக்கப் போனபோது அவன் அம்மா வயிற்றில்கூட இல்லை. மைக் செட்டும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறான். மழை பெய்தால் வருமானம் இல்லை, தேர்தல் வந்தால் உண்டு. அன்றைக்கு நான் அடுத்த அறையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். "வீட்டுல எத்தன பேருன்னு கேக்காங்கப்பா" என்றாள் எப்சி. "நாலு." "அத்தையையும் போடணுமா? அப்பா, அம்மா, பிள்ளைங்கதான் குடும்பம்னு இங்க போட்டுருக்கு." "என்னட்டி பேசுத? இந்தக் குடும்பத்துக்குத் தலையே அவதான், அவளப் போடாம யாரப் போட?" "அப்ப அத்த பென்சன், இந்த வீடு எல்லாத்தையும் எழுதணும்." "எழுது. மறைக்கதுக்கு என்ன இருக்கு? நாளைக்கு ஒருத்தன் விசாரிச்சு வந்தா, கூட இருக்க அக்காவ ஒளிச்சு வச்சிட்டான்னு சொல்லிற மாட்டானா?" அமெரிக்காவிலிருந்து ஒருவன் பஸ் ஏறி வந்து எங்கள் வாசலில் நின்று விசாரிப்பதாக அவன் நினைத்தான், சம்பந்தம் பேசுகிற வீட்டில் அப்படித்தானே நடக்கும். நான் கண்ணாடியைத் தேடுவதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன். என் பெயர் எங்கெல்லாம் இருக்கிறது என்று எண்ணிப்பார்த்தேன். கோயில் சந்தாப் புத்தகத்தில் குடும்பங்களெல்லாம் முடிந்த பிறகு ஒரு தனி வரி, மிஸ். கிருபாவதி. சபைக்குப் போதகராக வந்த எத்தனை ஐயர்மார் மாறினாலும் அந்த மிஸ் மாறவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த பிள்ளை, "நீங்க விருந்தாளியா?" என்று கேட்டாள், என் வீட்டில் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளிடம். ஆக, கடல் தாண்டிப் போகிற ஒரு தாளில்தான் நான் குடும்பமாக இருந்தேன். அந்த நாலில்தான் உதவி பாதியாயிற்று. ஓய்வூதியமும் சொந்த வீடும் உள்ள பெண் ஒருத்தி குடும்பத்தில் இருந்தால் பணம் இருக்கிறது என்றுதானே அவர்கள் கணக்குப் போடுவார்கள். அவர்கள்மேல் தப்பு இல்லை.

தப்பைச் சரிபண்ண வழி சொன்னதும் நான்தான். நேற்று சாயங்காலம் முழுக்க எப்சியை எதிரே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன், வாய்மொழித் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது போல. "வீட்டுல எத்தன பேர்?" "மூணு." "அத்த?" "அப்பாவோட சகோதரி. அவங்க தனி. அவங்க பணம் அவங்களுக்கு." "வீடு?" "அவங்க வீடு. நாங்க வாடகைக்கு இருக்கோம்." அந்த இடத்தில் மெர்சி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, "ஏ மைனி, அப்பம் இத்தன வருச வாடக பாக்கிய எப்ப கேக்கப் போறீக?" என்றாள். "வட்டியோட கேப்பேன்" என்றேன். எப்சி சிரிக்கவில்லை. பென்சிலைத் திருகிக்கொண்டிருந்தாள். "பள்ளிக்கூட ஃபீஸ் யார் கட்டுனா?" "அப்பா." "சட்டுன்னு சொல்லு. யோசிக்காத. யோசிச்சா சந்தேகம் வரும்." "அப்பா." "இன்னொரு தரம்." "அத்த, போதும்." "என்னட்டி போதும்?" "பொய்தான அத்த?" நான் ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுத்தவள். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்பதைப் பாட்டாக்கி, கை தட்டிப் பாடவைத்தவள். அந்தக் கட்டளை பிறனுக்கு விரோதமாகத்தான், உனக்கு நல்லதாக ஒன்றைச் சொன்னால் அது யாருக்கு விரோதம் என்று கேட்டேன். நன்றாகத்தான் கேட்டேன். அவள் பென்சிலை மேஜையில் வைத்துவிட்டுப் பல் விளக்கப் போய்விட்டாள். இராத்திரி படுக்கையில் எனக்கு மாமரத்து ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. கல்லூரித் தோட்டத்தில் ஒரு மரத்தைக் காட்டித்தான் வருஷாவருஷம் பாடம் நடத்துவேன். பார்க்கப் புல்லுருவியும் தொற்றுச்செடியும் ஒன்றுபோலத்தான் கிளையில் உட்கார்ந்திருக்கும். புல்லுருவி மரத்துக்குள்ளே வேரை விட்டு உறிஞ்சும். தொற்றுச்செடி உட்கார இடம் மட்டும் கேட்கும், காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டு பூக்கும். எது எது என்று எப்படி மிஸ் கண்டுபிடிப்பது என்று ஒரு பிள்ளை கேட்டாள். வெட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றேன். வெட்டிப் பார்த்தால் தெரியும். இந்த வீட்டில் யார் மரம், யார் மேலே உட்கார்ந்திருக்கிறோம் என்று எனக்குத் தெரியவில்லை. சம்பளம் என்னுடையது. ஆனால் காய்ச்சல் வந்தபோது நெற்றியில் இருந்த கை மெர்சியுடையது. குளியலறையில் வழுக்கி விழுந்த அன்று என்னைத் தூக்கிக்கொண்டு மாடியிறங்கியவன் அருமைதுரை. அமெரிக்க அம்மாளுக்கு இதை எந்தக் கட்டத்தில் எழுதிக் காட்டுவது.

அமெரிக்க அம்மாளின் குரல் வந்துவிட்டது. கதவின் வழியாக, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல. நல்ல குரல்தான், அன்பான குரல். உங்கள் ஊரில் வெயில் எப்படி என்று கேட்கிறாள். ரொம்ப அதிகம் என்கிறாள் எப்சி. ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள், என் காதில் தமிழாகவே விழுகிறது. எப்சி குரல் இவ்வளவு சன்னமா. இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசட்டி. பிடித்த கணக்கு எது என்று அந்த அம்மாள் கேட்கிறாள், எப்சி ஏதோ சொல்கிறாள், அவர்கள் இருவரும் சிரிக்கிறார்கள். சிரிப்பு நல்லது. சிரித்தவர்களுக்குக் கொடுக்க மனசு வரும். மெர்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஆங்கிலம் ஓடாது, என் முகத்தைத்தான் பார்க்கிறாள், இருட்டில் என் முகத்தில் என்ன தெரியுமோ. இப்போது அந்த அம்மாள் வேகத்தைக் குறைத்துப் பேசுகிறாள். உன் விண்ணப்பத்தில் வீட்டில் நான்கு பேர் என்றிருக்கிறது, அதைக் கொஞ்சம் விளக்குவாயா.  சொல்லு. மூன்று என்று சொல்லு. "மூன்று பேர்" என்கிறாள் எப்சி. "அப்பா, அம்மா, நான்." தெளிவாக, ஒரு தடங்கலும் இல்லாமல். "நான்காவது, என் அப்பாவின் சகோதரி. அவர்கள் எங்கள் குடும்பத்தில் சேர்த்தி இல்லை." நான் சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாகவே சொல்கிறாள். சேர்த்தி இல்லை. நான் சொல்லிக்கொடுத்தது தனி என்ற வார்த்தை. இது அவளாகவே சொன்னது. நல்லது, இதுதான் பலமாக இருக்கிறது. "என்ன சொல்லுதா மைனி?" "சரியாச் சொல்லுதா." "ஒங்கள ஏதும் கேட்டாவளா?" "கேட்டாவ." "என்ன சொன்னா?" "நான் யாருமில்லன்னு சொன்னா, நல்லாச் சொன்னா, பேசாம இரு." மெர்சி என் கையைத் தேடிப் பிடித்துக்கொள்கிறாள். விடு, வியர்க்கிறது. பால்காரன் மணி, இல்லை, யாரோ தெருவில் சைக்கிள். அடுத்த வீட்டுக் கல்யாணம் முடிந்துவிட்டது போலிருக்கிறது, சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். இவ்வளவு அமைதி தேவையில்லை இப்போது. நடந்துவிடும். இந்தப் பிள்ளை போய்விடுவாள். பனி பெய்கிற ஊராம், முழங்கால்வரை காலுறை வாங்க வேண்டும், அதெல்லாம் திருநெல்வேலியில் எங்கே கிடைக்கும், யாரிடமாவது கேட்க வேண்டும். அவள் அறை காலியாக இருக்கும். அதைப்பற்றி இப்போது எதற்கு. அதைப்பற்றி நினைக்கவே கூடாது, நினைத்தால், இவள் போகவேண்டும் என்று கடவுளிடம் கேட்பதற்கு எனக்கு வாய் வராது.

அந்த அம்மாள் கேட்கிறாள்: உன் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டினார்கள். சொல்லு. அப்பா. ரசீதெல்லாம் அப்பா பெயரில்தான் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. ஒரு வார்த்தைதானே. எப்சி பேசவில்லை. யோசிக்காதே என்று சொன்னேனே. பள்ளிக்கூட ஜன்னல் முன்னால் என்னில் பாதி வயதுப் பெற்றோர்களோடு நான் வரிசையில் நின்றது, உள்ளே இருந்த குமாஸ்தா தலையைத் தூக்காமலே, "பேத்திக்கா பாட்டியம்மா?" என்றது, "தம்பி மகளுக்கு" என்று நான் சொன்னது, என் முழங்காலைக் கட்டிக்கொண்டு புது ஷூவின் வாசனையோடு இவள் நின்றது. அன்றைக்கு ஷூ கடித்திருந்தது. வீட்டுக்கு வரும்வரை சொல்லவே இல்லை, கொப்புளத்தைப் பார்த்து மெர்சிதான் அழுதாள். கதவுக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிடுகிறது. "என் அத்தை" என்கிறாள் எப்சி. "ஒன்றாம் வகுப்பிலிருந்து. எல்லாமே அவர்கள்தான்." நிறுத்து. இதோடு நிறுத்து. அவள் நிறுத்தவில்லை. அவர்கள் வீட்டில்தான் இருக்கிறோம், வாடகை தருவதில்லை, முன்பு சொன்னது தவறு, நாங்கள் நான்கு பேர், மன்னித்துக்கொள்ளுங்கள். அவள் குரல் இப்போதுதான் சத்தமாகக் கேட்கிறது, பின்வரிசைக்கும் கேட்கிறபடி.  நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி என்கிறாள் அந்த அம்மாள். அந்த நன்றியை, அப்பா காலத்தில் எனக்கு வந்த அமெரிக்கக் கடிதத்தில் நான் முன்பே ஒருமுறை வாசித்திருக்கிறேன். மரியாதையான, முழுமையான, வேறொன்றும் உள்ளே இல்லாத நன்றி. "மைனி?" என்கிறாள் மெர்சி. "போச்சு" என்கிறேன். "என்ன போச்சு? என்ன சொன்னா எம்பிள்ள?" என் முகம் சூடாக இருக்கிறது. விளக்கு இல்லாதது நல்லதாகப் போயிற்று. அவளை இழுத்து நாலு அறை அறைய வேண்டும். பேச்சு முடிந்து அவள் வெளியே வந்ததும், ஏன் என்று கேட்க வேண்டும், கேட்டு, பிறகு என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை.  

கதவு திறந்து வெளிச்சம் கூடத்தில் விழுகிறது. எப்சி அங்கேயே நிற்கிறாள், சட்டைக் காலரை அவிழ்த்துக்கொண்டு. "ஏன்ட்டி?" என்கிறேன். "கேட்டாங்க அத்த." "நான் என்ன சொல்லிக் குடுத்தேன்?" "மொத தரம் சொன்னேன்ல. மூணுன்னு சொன்னேன்ல. ரெண்டாவது தரம் வாயில வரல." "வாயில வரலன்னா? அது என்ன பாட்டா, ராகம் வரலங்க மாதிரி சொல்லுத?" "நீங்க கதவுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கீங்க. மூச்சு விடுறது கேக்கு." மெர்சி அழ ஆரம்பிக்கிறாள், எதற்கென்று முழுக்கத் தெரியாமலே. வாசலில் வண்டி நிற்கிற சத்தம். அருமைதுரை, தோளில் மைக் ஒயர் சுருளோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வருகிறான். "என்ன இருட்டுல இருக்கீக? முடிஞ்சிட்டா? என்ன சொன்னாவ?"  அவன் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒயரை மெதுவாகத் தரையில் வைக்கிறான். "சரி" என்கிறான். "சாப்டாச்சா?" இல்லை, குக்கர் வைக்கவில்லை. எப்சி போய் விசிறியைப் போடுகிறாள். கடக் கடக் என்று அது சுற்றத் தொடங்குகிறது. அவள் என் பக்கத்தில் வந்து, தரையில் அல்ல, நாற்காலியின் கையில், சின்ன வயதில் உட்கார்ந்து உட்கார்ந்து நான் திட்டிய இடத்தில் உட்காருகிறாள். நாற்காலி ஒருபக்கமாகச் சாய்கிறது. நான் திட்டவில்லை. 

மறு வாரம் பதில் வந்தது. உதவியைக் கூட்டித்தர வழியில்லை என்றார்கள். எப்சி இங்கேயே பி.எஸ்ஸி. கணிதம் படித்து முடித்து, வங்கித் தேர்வு எழுதினாள். இப்போது கோவில்பட்டியில் ஒரு கிளையில் கேஷியராக இருக்கிறாள்.